தூசுக்கு ஒரு பெட்டி

என் வீட்டுப் பின்வளவில் நிற்கும் சாண்ட் பிளாஸ்டிங் பெட்டியை, அதாவது காற்றோடு துகளை அடித்துக் கறள் நீக்கும் பெட்டியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இதுக்குள்ள என்ன போட்டு அடிக்கிறீங்கள்?" கார்னெட் என்ற செந்நிறக் கனிமத் துகள் என்பேன். என்ன விலை என்பார்கள். விலையைச் சொன்னதும் கை தானாக ஒழுங்கையின் மறுமுனைப் பக்கம் நீளும். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை மரைன் டிரைவ் வீதியில் முடிகிறது. வீதியையும் ரயில் பாதையையும் தாண்டினால் கடல், கரை முழுக்க மணல். "சும்மா கிடக்கிற மணலை விட்டிட்டுக் காசு குடுத்து மணல் வாங்கிற ஆள் நீங்கள்தான்." இதைச் சொல்லாதவர்கள் என் மனைவியும், பக்கத்து மாடிக் குடியிருப்பில் துணி காயப்போடும் அன்ரியும் மட்டும்தான். அவர்கள் இரண்டு பேருக்கும் காற்றை அழுத்தித் தரும் கொம்பிரசரின் சத்தத்தைப் பற்றித்தான் முறைப்பாடு.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய பேச்சுத்தான். ஆனால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்த 'சும்மா கிடக்கிற மணலை' ஒருவன் நாள் முழுக்க அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் இந்தப் பெட்டியைச் செய்யவே தொடங்கினேன். செய்து முடித்தும் அந்த விஷயம் முடியவில்லை. அதுதான் இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த இடைவெளியில் கொழும்பில் பழைய மோட்டார் சைக்கிளுக்கு வந்த மதிப்பைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கொட்டிலில் சாய்ந்து கிடந்த ஹொண்டா சாலிகளும் பென்லிகளும் வெளியே வந்தன. பஞ்சிகாவத்தையில் ஒரு நல்ல டேங்குக்குச் சொன்ன விலையில் முன்பு ஒரு முழு மோட்டார் சைக்கிளே வாங்கியிருக்கலாம். எனக்கும் மாமாவின் ஹொண்டா சிடி 125 ஒன்று வந்து சேர்ந்தது. எஞ்சின் பரவாயில்லை. மற்றதெல்லாம் கறள். கடற்கரை வீட்டில் பத்துப் பதினைந்து வருடம் நின்ற இரும்பு எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரருக்குத் தெரியும். ஜன்னல் கம்பியையே இங்கே ஆண்டுக்கொருமுறை சுரண்டிப் பெயின்ட் அடிக்கிறோம். தட்டையான இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிடலாம். வெல்டிங் பிடித்த மூலை, ஸ்பிரிங் உட்காரும் குழி, புரியோடிய துளைகள், கறள் தின்று ஊசிமுனைக் குழிகளாக்கிய இடங்கள் எல்லாம் பிரஷ்ஷுக்கு எட்டாது. அங்கே காற்றோடு துகளைச் சேர்த்து அடித்தால்தான் உண்டு.

அதற்காகத்தான் வத்தளைப் பக்கம் ஒரு யார்டுக்குப் போனேன். லொறி சேசிஸ், கேட், தண்ணீர் டேங்க் எல்லாம் திறந்த வெளியில் அடிக்கிற இடம். டீசல் கொம்பிரசர் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளைப் புகைக்குள் ஆள் இருப்பது ஹோஸ் அசைவதை வைத்துத்தான் தெரிந்தது. அடிப்பதை நிறுத்திவிட்டு வெளியே வந்தபோது பார்த்தால் இருபது, இருபத்திரண்டு வயதுப் பெடியன். டீ-சேர்ட் ஒன்றை முகத்தைச் சுற்றிக் கட்டியிருந்தான்; கண்ணுக்கு ஒரு நீச்சல் கண்ணாடி. இமை மயிரெல்லாம் வெள்ளை. ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. அடிப்பது ஆற்று மணல், சலித்துக் காயவைத்தது. மாஸ்க் ஒன்றும் தரவில்லையா தம்பி என்று கேட்டேன். "துணி கட்டியிருக்கேன்ல அண்ணே. சாயங்காலம் ரெண்டு வாழைப்பழம் சாப்பிட்டா தூசியெல்லாம் வயித்தோட எறங்கிரும்" என்றான். அப்புறம் என் பார்சலைப் பிரித்து, சைட் ஸ்டாண்டையும் பிரேக் பெடலையும் புரட்டிப் பார்த்து, "இதெல்லாம் அஞ்சு நிமிஷ வேலை" என்றான். அவ்வளவு நேரம்தான் எடுத்தது. வெள்ளி போல வந்தது. காசும் குறைவு.

வாழைப்பழம் வயிற்றுக்குப் போகும். அந்தத் தூசு போகிற இடம் வேறு. மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது படிக சிலிக்கா. இரும்பில் வேகமாக மோதும்போது அந்த மணல் மணி உடைந்து மாவாகிறது. கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் புகை அதில் பருமனான பகுதி. மூக்கும் தொண்டையும் துணியும் பிடிப்பது அதைத்தான். சில மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள மிச்சம் நுரையீரலின் அடிவரை இறங்கி அங்கேயே தங்கிவிடும். அதைச் சுற்றித் தழும்பு கட்டும். சிலிக்கோசிஸ் என்கிறார்கள், குணப்படுத்த மருந்தில்லை, வேலையை விட்ட பிறகும் கூடிக்கொண்டு போகக்கூடியது. புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. அமெரிக்காவில் டில்மன் என்பவர் இந்த முறைக்குக் காப்புரிமை எடுத்தது 1870இல். பிரித்தானியா தன் தொழிற்சாலைகளில் சிலிக்கா மணலை வைத்து வார்ப்புகளை அடிப்பதைத் தடைசெய்த விதி 1949ஆம் ஆண்டுக்குரியது. எங்களுக்குச் சுதந்திரம் கொடுத்துவிட்டுப் போன அடுத்த வருடம், பாருங்கள். துருக்கியில் ஜீன்ஸ் துணியைப் பழசு போலக் காட்ட மணல் அடித்த இளைஞர்கள், ஒருசில வருட வேலையிலேயே மூச்சு முட்டி விழுந்தார்கள். 2009இல் அங்கே ஜீன்ஸுக்கு மணல் அடிப்பதை நிறுத்தினார்கள். இரும்புக்கு அடிப்பவனைப் பற்றி உடுப்புக் கடைக்காரர் யாரும் கவலைப்படப் போவதில்லை.

என் சாமான் வெள்ளி போல வந்துவிட்டது. மிச்சச் சாமான்களை அங்கே கொண்டுபோக மனம் வரவில்லை. அதனால் பெட்டி.

பெட்டி

துகளை அடிக்கும் துப்பாக்கிதான் பெரிய விஷயம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது மிகவும் சாதாரணச் சாமான். உள்ளே ஒரு சிறு துவாரத்தால் காற்று பாயும். அந்தப் பாய்ச்சல் பக்கத்துக் குழாயில் ஒரு உறிஞ்சலை உண்டாக்கி, அடியில் கிடக்கும் துகளை மேலே இழுத்து, முன்னால் உள்ள நொசில் என்ற குழல்முனையால் தள்ளிவிடும். நொசில் நாளடைவில் தேயும், மாற்ற வேண்டும். பீங்கான் நொசில் மலிவு, ஆனால் கைதவறினால் போச்சு. உறிஞ்சும் குழாயின் முனையை மணிக்குள் முழுக்கப் புதைக்கக் கூடாது. கொஞ்சம் காற்றும் கூடப் போக வழிவிட்டால்தான் மணி ஏறும். துப்பாக்கியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

காற்றுத்தான் ஆளைத் தின்னும். என்னிடம் இருப்பது 2 குதிரைவலுக் கொம்பிரசர், பெல்ட் போட்டது, 50 லீற்றர் டேங்க். மீற்றரில் 100 பிஎஸ்ஐ அழுத்தம் காட்டும்போது பெருமையாகத்தான் இருக்கும். விசையை அழுத்தினால் அரை நிமிடத்துக்குள் ஊசி கீழே விழும். கூரைத் தொட்டிக்கு மெல்லிய குழாயால் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்க, கீழே பெரிய பைப்பைத் திறந்துவிட்ட மாதிரி. 3 மில்லிமீற்றர் காற்றுத் துவாரம் நிமிடத்துக்கு 10 கன அடிக்கு மேல் கேட்கிறது. இந்தக் கொம்பிரசர் உண்மையில் தருவது ஆறோ ஏழோ. கடையில் அழுத்தத்தைத்தான் சொல்லி விற்பார்கள், நிமிடத்துக்கு எவ்வளவு காற்று என்று கேட்டால் ஸ்டிக்கரைக் காட்டுவார்கள். ஆகவே அடித்து, நிறுத்தி, காத்திருந்து, மறுபடி அடிக்கிற வேலை இது. அவசரக்காரனுக்குச் சரிவராது. காத்திருக்கும் நேரத்தில் சாமானைத் திருப்பிப் பார்க்கலாம், அன்ரி துணி எடுத்துவிட்டாரா என்றும் பார்க்கலாம்.

அடுத்தது தண்ணீர். இதை வெளிநாட்டு வீடியோக்களில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கொழும்பில் ஒரு வரியில் முடியாது. 30 பாகை வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீற்றர் காற்றில் 24 கிராம் அளவு நீராவி இருக்கிறது. அதை எட்டில் ஒரு பங்காக நெருக்கிக் குளிரவிட்டால் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீராக இறங்கிவிடும். என் கொம்பிரசர் ஒரு மணித்தியாலம் விடாமல் ஓடினால் ஒரு டம்ளர் தண்ணீர் வரும், கணக்குப் போட்டாலும் அப்படித்தான், டேங்கின் அடித் திருகைத் திறந்து பார்த்தாலும் அப்படித்தான். அந்த ஈரம் துப்பாக்கிக்குப் போனால் மணி கட்டிபட்டு, குழாய் அடைத்து, அன்றைய வேலை முடிந்தது. அதனால் கொம்பிரசரில் இருந்து பெட்டி வரை சுவரோடு ஒரு நீளமான ஜிஐ (நாகம் பூசிய இரும்பு) குழாய், கொஞ்சம் சரிவாக. சரிவின் முடிவில் கீழ்நோக்கி ஒரு கால், அதில் தண்ணீரை வடிக்க ஒரு டேப். மேல்பக்கமாகப் பிரித்தெடுத்த கிளையில் மிச்ச ஈரத்தைப் பிடிக்கும் வாட்டர் டிராப். இரும்புக் குழாயில் ஓடும்போது காற்று ஆறி, தண்ணீரை அங்கேயே விட்டுவிடுகிறது. பிவிசி பைப் மலிவுதானே என்று கேட்ட நண்பருக்கு: தண்ணீருக்குப் போடலாம், அழுத்தக் காற்றுக்குப் போடக் கூடாது. தண்ணீர்க் குழாய் வெடித்தால் நனைவீர்கள். காற்றுக் குழாய் வெடித்தால் துண்டு துண்டாகப் பறந்து வரும்.

பெட்டியின் உடம்பு 12 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட். 3 அடி அகலம், 2 அடி ஆழம். மூட்டுகளில் சிலிக்கன், கதவைச் சுற்றி ரப்பர் பீடிங். கதவு பக்கவாட்டில், மேலே மூடி வைத்தால் திறக்கும்போதெல்லாம் முகத்துக்கு நேரே தூசு எழும்பும். அடிப்பகுதிப் புனலை, கூரைக்குப் பீலி செய்கிற தகரவேலை பாஸிடம் கொடுத்துச் செய்வித்தேன். சரிவு 60 பாகை வேண்டும் என்றேன். "அவ்வளவு செங்குத்தா எதுக்கு, மழைத்தண்ணி 10 பாகையிலயே ஓடும்" என்றார். தண்ணீர் ஓடும், மணி ஓடாது. சரிவு போதாவிட்டால் மூலையில் குவிந்து படுத்துக்கொள்ளும். கை விட இரண்டு துளைகள், அதில் 6 அங்குலப் பிவிசி பைப் துண்டு (இதற்குத் தாராளமாகப் போடலாம்), அதன் மேல் நீளமான தொழிற்சாலை ரப்பர் கையுறையை இழுத்து மாட்டி, கிளிப்பால் இறுக்கினேன். நல்ல கையுறைக்கு இந்த நாட்டில் பஞ்சமில்லை, உலகத்துக்கே செய்து அனுப்புகிறோம். பார்க்கும் கண்ணாடியில் உள்பக்கமாக ஒரு பிளாஸ்டிக் படலம். மங்கியதும் உரித்து வேறு ஒட்டலாம். துப்பாக்கியில் இருந்து ஒரு செம்புக் கம்பியை எர்த்துக்கு இழுக்க மறந்துவிடாதீர்கள். துகள் உரசி ஏறும் மின்சாரம் ஆளைக் கொல்லாது. ஆனால் சுள்ளென்று ஒன்று விழும்போது கையிலிருப்பதைப் போட்டுவிடுவீர்கள்.

உள்ளே போடுவதற்கு இரும்புச் சாமானுக்குக் கார்னெட். அலுமினியத்துக்குப் பொடிப்பொடியான கண்ணாடி மணி. எஞ்சின் கவரில் அடித்தால் பட்டு மாதிரி ஒரு மென்மை வரும். ஹம்பாந்தோட்டைக் கரையில் செந்நிறமாகத் தெரியும் மணலில் கலந்திருப்பதும் கார்னெட்தான். அதை அள்ளிக்கொண்டு வரலாமா என்று கேட்காதீர்கள், அதில் குவார்ட்ஸும் உப்பும் சேர்ந்தே வரும். கடையில் வாங்குவது பிரித்தெடுத்துச் சலித்தது, 25 கிலோப் பை, பழைய சோனகத் தெருப் பக்கம் விசாரித்தால் கிடைக்கும். மென்மையான வேலைக்குச் சிரட்டைத் தூள் நன்றாக இருக்கும் என்று படித்துவிட்டு, ஒரு மூட்டைச் சிரட்டையுடன் மிளகாய் அரைக்கும் மில்லுக்குப் போனேன். மில்காரர் மூட்டையைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

ஊதுபத்தியும் டோர்ச்சும்

பெட்டியின் உயிர் ஒரு வாக்யூம் கிளீனரில் இருக்கிறது. துப்பாக்கி உள்ளே தள்ளும் காற்றைவிடக் கூடுதலாக வாக்யூம் வெளியே இழுக்க வேண்டும். அப்போதுதான் இடுக்கு எங்கே இருந்தாலும் காற்று உள்நோக்கிப் போகும், தூசு வெளியே வராது. இடையில் ஒரு வாளியில் செய்த சைக்ளோன். பருமனானது அதில் சுழன்று விழுந்துவிடும். நுண்ணியதை ஹெப்பா பில்டர் பிடிக்கும். வாக்யூம் காற்றை வெளிவிடும் வாய் வளவுக்கு வெளியே, அன்ரியின் துணிக்கொடிக்கு எதிர்ப்பக்கமாக.

இதெல்லாம் சொல்லளவில் சரி. உண்மையில் தூசு வருகிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆபத்தான தூசு கண்ணுக்குத் தெரியாதது என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். முதலில் சாமி அறையில் இருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்து வந்தேன். வாக்யூமைப் போட்டுவிட்டு, கதவு விளிம்பில், கையுறைக் கிளிப்பில், கண்ணாடிச் சட்டத்தில் என்று ஒவ்வோர் இடமாகக் காட்டினேன். புகை நூல் போல நேராக எழும்பி, இடுக்கு வந்த இடத்தில் சட்டென்று வளைந்து உள்ளே நுழைந்தது. இடுக்கு எங்கே இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் போகிறது, இரண்டையும் அந்தப் புகையே காட்டிவிட்டது.

அப்புறம் டோர்ச். இது தொழிற்சாலைச் சுகாதாரக்காரர்கள் பயன்படுத்தும் முறை. இருட்டில், ஒடுங்கிய வெளிச்சமுள்ள டோர்ச் ஒன்றைப் பக்கவாட்டில் வைத்து, வெளிச்சம் வரும் திசையை நோக்கிச் சற்றுச் சாய்வாக நின்று பார்த்தால், சாதாரணமாகத் தெரியாத தூசு மின்னும். இரவு விளக்குகளை அணைத்துவிட்டு, பெட்டிக்குக் குறுக்கே டோர்ச்சைச் சாய்த்து வைத்து அடிக்கத் தொடங்கினேன். வெளிச்சக் கோடு சுத்தமாக இருந்தது. வளவில் இருக்கும் வழக்கமான நாலு துரும்புகள் மெல்ல மிதந்தன, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் போனது. கதவுப் பிணைச்சல் பக்கம் ஒரு மினுக்கம். பிறகு இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மூலையில் இருந்து மெல்லிய ஆவி போல ஒன்று வெளியே வழிந்து வெளிச்சத்துக்குள் விரிந்தது. துப்பாக்கியை விட்டேன், வாக்யூம் ஓடுகிறது, சத்தத்தில் வித்தியாசம் இல்லை. பில்டரைக் கழற்றித் தட்டியதும் ஆவி நின்றது. பில்டர் அடைபட அடைபட இழுப்புக் குறைந்து, ஒரு கட்டத்தில் துப்பாக்கி வென்றுவிடுகிறது. விளக்கைப் போட்டுப் பார்த்தேன். அதே இடத்தில் ஒன்றுமே தெரியவில்லை. வெறும் சுத்தமான காற்று.

இப்போது பெட்டியில் கடலைக்கொட்டை அளவு மிதவையுள்ள ஒரு சிறு அழுத்த மானி இருக்கிறது. அது குறியை விட்டு இறங்கினால் அடிப்பதை நிறுத்தி பில்டரைத் தட்டுவேன். பெட்டி இருந்தும் முகத்தில் இரட்டைக் கார்ட்ரிஜ் (வடிகட்டி) மாஸ்க் இருக்கும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். பழைய பிரேக் டிரம்மில் அஸ்பெஸ்டஸ் தூள் ஒட்டியிருக்கலாம். அதைப் பெட்டிக்குள் விடவே மாட்டேன். அடித்து எடுத்த இரும்பை அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். எங்கள் கடற்காற்றில் காலையில் வெள்ளியாக எடுத்ததைப் பின்னேரம் பார்த்தால் செம்மஞ்சள் பூத்திருக்கும்.

கணக்கு

பெட்டி 3 அடி. சைக்கிள் பிரேம் அதற்குள் போகாது. தெரிந்துதான் செய்தேன், வளவில் அதைவிடப் பெரிதாக வைக்க இடமில்லை. ஆக, சின்னச் சாமானெல்லாம் பளபளவென்று வரிசையாகத் தொங்க, பிரேமைத் தூக்கிக்கொண்டு மறுபடி அதே யார்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது. இந்த முறை ஒரு பை கார்னெட்டையும் ஒரு நல்ல மாஸ்க்கையும் கொண்டுபோனேன். பெடியன் மாஸ்க்கைப் போட்டுப் பார்த்து, பட்டியை இறுக்கி, "மூச்சு லேசா வருதுண்ணே" என்றான். கார்னெட்டைக் கொட்டி அடித்தான். மணலைவிட வேகமாகக் கறள் கழன்றது. வெள்ளைப் புகையும் முன்னைப் போல இல்லை. அவனுக்குச் சந்தோஷம். யார்ட் பாஸும் வந்து பார்த்தார். சிங்களத்தில், இது நல்ல சாமான் என்றார்.

பிறகு கீழே பார்த்தார். கார்னெட் முழுக்க யார்ட் தரையில், மண்ணோடும் பழைய மணலோடும் பெயின்ட் செதிலோடும் கலந்து சிவப்பாகப் பரவிக் கிடந்தது. பெடியன் விளக்குமாற்றால் கூட்டிப் பார்த்தான். "அடிச்சது திரும்பி வராதுல்லண்ணே" என்றான். ஒரு பிரேமுக்கே பையில் முக்கால்வாசி போய்விட்டது. பாஸ் சத்தமாகக் கணக்குப் போட்டார்: ஒரு லொறி சேசிஸுக்கு எத்தனை பை, அதற்கு என்ன காசு, அந்த விலையைச் சொன்னால் எந்த லொறிக்காரன் வருவான். அடுத்த யார்டில் மணல்தான் அடிக்கிறார்கள்.

அந்த யார்டைப் பற்றி அதுவரை எனக்குள் ஒரு கோபம் இருந்தது. அக்கறையில்லாத ஆட்கள், ஒரு மாஸ்க் வாங்கிக் கொடுக்க முடியாதா என்று. மாஸ்க் விஷயத்தில் அந்தக் கோபம் இப்போதும் இருக்கிறது. ஆனால் மணல் விஷயத்தில் அந்த மனுஷனின் கணக்கில் பிழையில்லை. என் பெட்டிக்குள் அதே கார்னெட் புனலில் விழுந்து, மறுபடி குழாயில் ஏறி, நாலைந்து தடவை வேலை செய்கிறது. கண்ணாடி மணி அதைவிடப் பல தடவை வரும். அதனால் ஒரு பை எனக்கு மாதக்கணக்கில் போதும், விலை உறைக்காது. திறந்த வெளியில் ஒரே தடவைதான், அதனால் மலிவானதைத்தான் அடிக்க முடியும், மலிவானது மணல். அடைப்பு இருக்கிற இடத்தில் நல்ல சாமான் கட்டுபடியாகிறது, அடைப்பு இல்லாத இடத்தில் நுரையீரல் கட்டுபடியாகிறது. கடற்கரையைக் காட்டி என்னைக் கேலி செய்கிறவர்கள் விலையை மட்டும் ஒப்பிடுகிறார்கள், எத்தனை தடவை என்று கேட்பதில்லை. நானும் இதைப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை. ஒரு பெடியன் விளக்குமாற்றோடு நின்று சொன்னான்.

போன மாதம் யார்ட் பாஸ் என் வீட்டுக்கு வந்தார். பெட்டிக்குள் தலையை விட்டு, புனலைத் தட்டிப் பார்த்து, ஊதுபத்தி வித்தையைத் தானே செய்து பார்த்துவிட்டு, இதையே 20 அடிக் கண்டெய்னரில் செய்யலாமா என்று கேட்டார். செய்யலாம், அதற்கு பிளாஸ்ட் ரூம் என்று பெயர், பெரிய இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆள் உள்ளே நிற்பதால் சாதாரண மாஸ்க் போதாது, வெளியில் இருந்து சுத்தமான காற்று வரும் ஹெல்மெட் வேண்டும். அந்தக் காற்றை எண்ணெய் கலக்கும் டீசல் கொம்பிரசரில் இருந்து அப்படியே எடுக்கக் கூடாது. தரையில் சரிவு, மணியைத் தள்ளித் திரட்டச் சுழலும் ஒரு ஸ்க்ரூ, ஒரு பக்கம் பெரிய விசிறி, அதற்குப் பின்னால் பில்டர். சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் வரைந்தோம். கண்டெய்னர் பழசு கிடைக்கும், தகர வேலைக்கு ஆள் இருக்கிறது. விசிறிக்கு மூன்று பேஸ் மின்சாரம் வேண்டும். யார்ட் நிலம் குத்தகை, இணைப்புக்கு நிலச் சொந்தக்காரரின் கையெழுத்து வேண்டும், அவர் சிலாபத்தில் இருக்கிறார். தேங்காய் விலை ஏறினால் நல்ல மனநிலையில் இருப்பார், அப்போது போய்க் கேட்கிறேன் என்று பாஸ் சொல்லியிருக்கிறார். பெடியனுக்கு மாஸ்க் கார்ட்ரிஜ் தீரும்போது நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அதன் காசைப் பாஸிடம் வாங்கிக்கொள்கிறேன், தள்ளுபடி இல்லாமல்.